சைனம்பு பிடித்த நோன்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் தர்ம ஆஸ்பத்திரியில் பெண்கள் அறைக்குத் தாதியாக இருந்தவள் சைனம்பு பீவி. அவளிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்கு வந்து கிடக்கும் பெண்கள் அவள் கையைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்கள். வலி எடுத்துக் கத்துகிறவளிடம், "கத்து தாயி, நல்லாக் கத்து, இங்க யாரு இருக்கா ஒன்னையக் கேக்க?" என்று சொல்லிக்கொண்டே இடுப்பைத் தடவிக் கொடுப்பாள்.

பிறந்தது ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். புருஷன் நைனா முகமது துணி மூட்டை சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். ஒரு வாந்திபேதிக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை. தம்பி பீர் முகமது ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, "எங்களோட வந்து இருங்க லாத்தா" என்று அக்காளைக் கெஞ்சினான். "ஒம் பொஞ்சாதிக்கு நான் எதுக்கு இடைஞ்சலா?" என்று அவனுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மருத்துவம் பார்த்த அப்போத்திக்கரி ஞானதுரை அவளுக்குப் பொறுமையாகத் தொழில் சொல்லிக் கொடுத்தார். ஐம்பதை எட்டும்போது அவள் இல்லாமல் அந்த அறை நடக்காது என்று ஆகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டாம் வருஷம் பங்குனியில் அந்தச் சம்பவம் நடந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் சுகமாகப் பிரசவம் ஆயிற்று. தாயும் பிள்ளையும் தூங்குவதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சைனம்பு பின்கட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். திரும்பி வந்தால் கட்டிலுக்கு அடியில் ரத்தம் தேங்கி நின்றது. ஞானதுரை ஓடி வந்தார். என்னென்னவோ செய்து பார்த்தார். அந்தப் பெண் அவர் கண்முன்னாலேயே போய்விட்டாள்.

"நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் இத நிறுத்தியிருக்க முடியாது, பீவியம்மா. நான் நின்னுக்கிட்டுதான இருந்தேன், என்ன செய்ய முடிஞ்சுது?" என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார்.

சைனம்புவுக்கு அது ஏறவேயில்லை. "எனக்குச் சோறு எறங்குச்சே ஐயா! அங்க ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்கு, இங்க நான் ரசத்துக்குக் கை நீட்டுனேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் கேட்ட ஒரு விஷயம் அவளுக்கு நினைவில் இருந்தது. தெரியாமல் ஓர் உயிரைக் கொன்றவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு பிடிக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் நடுவில் ஒரு நாள் விட்டாலும் கணக்கு போச்சு, மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். பள்ளிவாசலில் மார்க்கம் தெரிந்த அசன் லெப்பை இருக்கிறார். போய்க் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கேட்டாளா? கேட்கவில்லை. கொன்றது தான்தான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அடுத்த பிறை பார்த்த மறுநாளே நோன்பைத் தொடங்கிவிட்டாள். தம்பிக்கும் சொல்லவில்லை, ஞானதுரைக்கும் சொல்லவில்லை.

சித்திரை வெயில் அந்த ஊரில் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெந்நீர் சுமந்தாள், துணி அலசினாள், ஆட்களைத் தூக்கி இறக்கினாள். மத்தியானம் ஆனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோபம் பொத்துக்கொண்டு வரும். "செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டியா ஏட்டி?", "எம்புட்டுத் தடவ கூப்பிடுவ? எனக்கென்ன பத்துக் கையா?" என்று எரிந்து விழுந்தாள். தண்ணீர் கேட்டால் செம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். இடுப்பைத் தடவிக் கொடுத்த கை அது! ஒரு நோயாளி கஞ்சியை ஒதுக்கினால் குடிக்கும்வரை விடாதவள், தன் வயிற்றை மட்டும் எதிரி வயிறாக நினைத்தாள். யார் கேட்டார்கள் இவளை இதைச் செய்யச் சொல்லி?

"மூஞ்சி வாடிக் கெடக்கே, ரெண்டு நாள் வீட்டுல இருங்களேன்" என்றார் ஞானதுரை.

"எனக்கு ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சேத்தூரிலிருந்து காளிராஜ் தன் மனைவி சண்முகத்தாயை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தான். தலைப்பிரசவம். அன்று ராத்திரியே ஆண் பிள்ளை பிறந்தது. சண்முகத்தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. வாயாடிப் பெண். சைனம்பு எவ்வளவு சிடுசிடுத்தாலும், "அக்கா, ஒங்க ஊருல பிள்ளைக்கு என்ன பேரு வைப்பாக?" என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம், துணி மாற்றிக்கொண்டிருந்த சைனம்புவுக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்னக்கா செய்யுது? எங்க அத்த மோரு வச்சிட்டுப் போயிருக்காக. ஒரு வாய் குடிங்க" என்று சண்முகத்தாய் பதறி எழுந்தாள்.

ஒரு வாய் மோர் குடித்தால் ஐம்பது சொச்சம் நாள் பட்ட பாடும் வீண். நோய்க்காக விட்டால் குற்றமில்லை என்பது அவளுக்கும் தெரியாததல்ல. தனக்கு அந்தச் சலுகை கிடையாது என்று வைத்திருந்தாள்.

"ஒன் சோலியப் பாரு. பேசாமப் படு!" என்று கத்திவிட்டு, வாசற்படியில் போய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தண்ணீர் குடித்து நோன்பு திறந்துவிட்டு உள்ளே வந்தாள். சண்முகத்தாய் வாயே திறக்காமல் படுத்திருந்தாள். காலைத் தொட்டால் சில்லென்று இருந்தது. போர்வையை விலக்கினாள். முந்தானையைச் சுருட்டி அடியில் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தது அந்தப் பெண். சேலை முழுக்க ரத்தம்.

"ஐயா! ஐயா!" என்று அலறினாள் சைனம்பு. "ஏட்டி, ஏன்டி கூப்பிடல? வாசல்லதான இருந்தேன்! அப்பவே கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"ஒங்களுக்கே முடியலையேக்கா. செவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னீக. தானா நின்னுரும்னு நெனச்சேன். ஒங்கள எழுப்ப மனசு வரல" என்றாள் சண்முகத்தாய்.

ஞானதுரை தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சைனம்பு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன தடவை சொன்னதுபோல் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கை கழுவப் போய்விட்டார்.

காளிராஜ் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அன்றைக்குத்தான் அசன் லெப்பையிடம் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மொதல்ல செத்த பொண்ண நீ கொல்லலம்மா. அதுக்கு ஒம்மேல ஒரு நோன்பும் கெடையாது. அப்பவே வந்து கேட்டிருக்கலாமே?" என்றார் அவர்.

"கேட்டா குத்தமில்லன்னு என்னைய விட்டுருவீகன்னு பயந்துதான் கேக்கல."

லெப்பை பாயை நகர்த்திப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்கு எத்தன நாளு பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

"நீ இனிமே பிடிக்காத தாயி. ரமலான் நோன்போட நிறுத்திக்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அழுதாள். பிறகு பல வருஷம் அதே அறையில் வேலை பார்த்தாள். ரமலான் மாதம் போக மற்ற நாளில் மத்தியானம் தவறாமல் சாப்பிட்டாள். முடியாத நாளில் ஞானதுரையிடம் சொல்லிவிட்டு வீட்டில் படுத்தாள். வாய் மட்டும் குறையவில்லை. புதிதாக யார் வந்து படுத்தாலும் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல தாயி, சாப்பிட்டுத் தெம்பாத்தான் இருக்கேன். எதுன்னாலும் கூப்பிடு" என்பாள். நூறு பேரிடம் சொல்லியிருப்பாள். சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்லவில்லை.