அமலம்மாள் வெட்டிய வீடு

கடற்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் சுமந்து சதுப்பில் கொட்டித்தான் அமலம்மாளும் அவள் கணவன் சூசையும் அந்த வீட்டை எழுப்பினார்கள். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். சில வருஷங்களில் ஜார்ஜ்டவுன் ஓரத்தில் மலாய்ப் பேச்சில் கம்பம் என்கிற ஒரு சிற்றூரே உருவாகிவிட்டது. வீடுகள் ஒரே வரிசை, இருபுறமும் சேறு. வெளியே போகக் கிழக்குக் கோடியில் மட்டும் வழி.

சூலியா தெருக் கடைகளுக்கு மாவு இடித்துக் கொடுப்பது அமலம்மாளின் பிழைப்பு. சூசைக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை.

1926, மழையே இல்லாத மாசி மாதம். ஒரு மதியம் அந்தக் கிழக்குக் கோடியில்தான் தீப்பிடித்தது. காற்று அதைக் கூரைக்குக் கூரை தள்ளிக்கொண்டு வந்தது. சூசை வேலைக்குப் போயிருந்தான். கிணற்றில் கலங்கல்தான் மிச்சம்.

மேற்கே அடுத்த வீட்டு நூர் பீவி வாசலில் நின்று அலறினாள். அவள் கணவன் முகம்மது கனி முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தான்.

"அக்கா, இவரத் தூக்கிட்டு இந்தச் சேத்துல எங்க இறங்குவேன்?"

அமலம்மாள் தன் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அது இருந்தால் தீ அதன்மேல் ஏறி நூர் பீவியின் வீட்டுக்கும் அதற்கு அப்பால் இருந்தவற்றுக்கும் போய்விடும்.

"பாராங் கத்தி எடுத்துட்டு வாங்க! என் வீட்ட வெட்டுங்க!"

யாரும் அசையவில்லை. "பைத்தியமா அக்கா? பொம்பா வண்டி வந்து தீய அணைக்கும்லா, பொறுங்க" என்றான் எதிரே நின்ற ராமசாமி.

"இந்தச் சந்துல வண்டி எப்படிய்யா வரும்?"

அவளே கத்தியை வாங்கி கூரையைப் பிணைத்திருந்த முதல் கயிற்றை அறுத்தாள். உள்ளே உரல் இருந்தது, சூசை மாதா கோவிலுக்குப் போடும் சட்டை இருந்தது. எதையும் எடுக்கவில்லை. அதன்பிறகுதான் ராமசாமி ஓடிவந்து தூணில் கயிறு கட்டினான். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். விழுந்த ஓலைகளைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். அனலில் அவள் முன்முடி கருகியது. கிழக்கே பக்கத்து வீடு பற்றி எரிந்தது. பொறி பறந்து நூர் பீவியின் கூரையில் விழுந்தது. ஈரச் சாக்கால் அடித்தே அணைத்தார்கள். நடுவில் விழுந்த அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் தீ மெல்ல அடங்கியது.

சாயங்காலம் சூசை வந்து வெற்றிடத்தைப் பார்த்தான்.

"நம்ம வீடும் எரிஞ்சிருச்சா?"

"எரியல. நான்தான் வெட்டினேன்."

அவன் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். வீடு எரிந்தவர்களோ, "எங்க வீடு எரியறதுக்கு முந்தி வெட்டியிருக்கலாமே" என்று ஏசினார்கள். அமலம்மாள் நூர் பீவி தன் வீட்டில் கொடுத்த மூலையில் முடங்கிக் கிடந்தாள். முகம்மது கனி ஒருநாள் சூசையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அக்கா மேல கோவப்படாதீங்க" என்று அழுதான். அன்றைக்குத்தான் சூசை அவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அங்கே மறுபடி அத்தாப்பு வீடு கட்டக்கூடாது என்று நகராட்சி தடுத்துவிட்டது. அவள் வீடு நின்ற இடத்தின் வழியாகவே சதுப்பைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். தண்ணீர்க் குழாய் வந்தது, ஓட்டு வீடுகள் எழும்பின. அவற்றில் ஒன்றில், பின்னறையை வாடகைக்குப் பிடித்து இருவரும் குடியேறினார்கள். அமலம்மாள் ஒரு புது உரல் வாங்கி மறுபடி மாவு இடிக்கத் தொடங்கினாள்.