மார்கிறெற்றுக்கு ஒரு பூசை

பேனாட் அண்ணை கிங்ஸ்டன் றோட்டில் இருந்த ஒரு பழைய இங்கிலீசுத் தவறணையில், மதுச்சாலையில், கோப்பை கழுவினார். அதன் மேல்மாடி அறையிலேயே குடியிருந்தார். மன்னார் ஆள், எங்களைப்போல இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவர், ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர். நான்கு வருடமாகத் தமிழ்ப் பூசையில் எங்களுக்குப் பின் வாங்கில்தான் இருந்தார். வீடு எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

1994 கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பூசைக் கருத்துகளை வாசித்த சுவாமி, "மார்கிறெற்றின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் பேனாட்" என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பேனாட் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உந்தாள் ஒரு வெள்ளைக்காரியோட இருந்திருக்குது, பாரும். பாவம், செத்துப்போனாள் போல" என்றார் றோஸ்மேரி அக்கா வாசலில். அவர் வாயில் விழுந்த கதை நகரத்தின் மறுகோடி மில்லிக்கன் வரை போக ஒரு மணித்தியாலம் போதும்.

செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகவேண்டும். அன்று பின்னேரமே சுவாமியிடம் விலாசம் கேட்டு, பதினொரு பேர் சோறு கறியோடு தவறணையின் மரப்படியில் ஏறினோம். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை. பேனாட் அண்ணை அந்தரப்பட்டுப்போனார். கட்டில் விரிப்பை நிலத்தில் போட்டு எங்களை இருத்தினார். தேத்தண்ணிக்குக் கோப்பை காணாமல் கீழே ஓடிப்போய் பியர்க் கிளாசுகளை அள்ளிவந்தார்.

"எப்ப அண்ணை நடந்தது?" றோஸ்மேரி அக்கா அவர் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ஆயிரத்து எண்ணூற்றி ஐம்பத்திரண்டில, தங்கச்சி."

கட்டடத்தின் வரலாற்றைக் கீழே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம். அகராதி வைத்து இரண்டு மாரிக்காலமாக அதை வாசித்திருக்கிறார். குதிரைவண்டிக்காரர் தங்க இங்கிலாந்துக்காரன் ஒருவன் கட்டியது. அவன் பெண்சாதி மார்கிறெற் இதே அறையில் தை மாதம் செத்தாள். நிலம் உறைந்து புதைக்கக் கிடங்கு வெட்ட முடியவில்லை. பனி உருகும்வரை நிலவறையில் வைத்திருந்தார்கள்.

"நான் பியர்ப் பீப்பா எடுக்கப் போற இடம். மூண்டு மாசம் தனியக் கிடந்திருக்கிறா. அழவும் ஒருதரும் வரேல்லையாம். அதுதான் ஒரு பூசை..."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பிறகு எல்லோரும் சிரித்தோம். "உதுக்கோ நான் மீன் பொரிச்சனான்!" என்று றோஸ்மேரி அக்கா கோட்டைத் தேடினார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேனாட் அண்ணையும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு கதவடியில் நின்று, "அப்ப முப்பத்தொண்டாம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டியளோ?" என்று கேட்டார்.

"வருவம் அண்ணை" என்றேன், படியில் இறங்கிக்கொண்டே.

முப்பத்தோராம் நாள் வேலை நாள், பனியும் கொட்டியது. ஒருவரும் போகவில்லை. எனக்கு நினைவே இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த ஞாயிறு என் கறிச் சட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். நான் ஏதோ சாட்டுச் சொல்லத் தொடங்கினேன்.

"ஸ்நோதானே தங்கச்சி, எப்பிடி வாறது" என்றார். "பதினொரு பேருக்குச் சமைச்சனான். தனியச் சாப்பிட்டு இண்டையோடதான் முடிஞ்சுது."