வயோலா வரிசையில் புதிதாக வந்தவர்

அந்த சீசனின் முதல் ஒத்திகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் பக்கத்து நாற்காலியில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லோஞ்சி (பர்மியர்கள் கட்டும் லுங்கி), இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. ஒரே தாளைப் பார்த்துத்தான் இருவரும் வாசிக்க வேண்டும். பல வருஷம் என்னோடு வாசித்த பெண்மணி மகளோடு இருக்க சிங்கப்பூர் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் பார்ப்பதாக ஆர்கெஸ்ட்ராவின் நிர்வாகியம்மா சொல்லியிருந்தார். ஆனால் யாங்கோனில் வயோலா வாசிக்கிறவர்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். எனக்குத் தெரியாத ஒருவர் எங்கிருந்து முளைத்தார் என்று அன்றைக்கே யோசித்தேன்.

"அமா, வீடு எங்க?" என்று பர்மிய மொழியில் கேட்டார். அங்கே எல்லோரும் பேசுவது அந்த மொழிதான். அமா என்றால் அக்கா.

"தின்கன்ஜூன்."

"யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் வீட்டுக்காரரும்தான்."

அது பொய். எங்கள் வீட்டின் பின்னறையில் என் அக்கா மகன் இருந்தான். கியாக்தானில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. பதினெட்டு தாண்டிய பையன்களை ராணுவம் கட்டாயமாகப் படைக்கு எடுக்க ஆரம்பித்ததும், சின்ன ஊரில் மறைக்க முடியாது என்று எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். வீட்டில் யார் தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. நாங்கள் சொல்லவில்லை. அதனால் 'யாரெல்லாம் இருக்கீங்க' என்று யார் கேட்டாலும் இதே பொய்யைத்தான் சொல்வேன். முதல் நாளே கேட்ட ஆளை எப்படி நம்புவது?

ஒத்திகை தாமுவேயில் ஒரு பழைய பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். அந்த வருஷம் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் பெரிய ஆசையோடு இருந்தார். அவரை நாங்கள் சயா என்போம், வாத்தியார் என்று பொருள். மழை விட்டதும் பழைய பர்மிய சினிமாப் பாட்டுகளை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி ஒரு கச்சேரி. அடுத்து ஒரு ஹோட்டலில் தந்தி வாத்தியங்கள் மட்டும். பிறகு குழந்தைகளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு சர்ச் பாடகர்களோடு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் ஒரு இத்தாலிய ஆப்பெரா, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். எல்லாமே பகல் நிகழ்ச்சிகள். ஜனங்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் அல்லவா.

சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசைப் பெண்கள் கூடவே பாடினார்கள். புது ஆள் நன்றாக வாசித்தார், அதை மறுக்க முடியாது. வில்லை அழுத்தமாட்டார். நான் ஒரு இடத்தில் தாளம் தப்பியபோது, தலையைத் திருப்பாமலே தன் வில்லால் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு கவனமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற நினைப்பு அதை முந்திக்கொண்டது.

ஹோட்டல் கச்சேரி முடிந்த வாரம், செல்லோ வாசிக்கும் இளைஞன் ஒத்திகைக்கு வரவில்லை. அவன் தங்கியிருந்த நண்பன் வீட்டுக்குப் படைக்கு ஆள் எடுக்கிறவர்கள் தேடிப் போயிருக்கிறார்கள். அவன் அதற்குள் பின்பக்கமாக வெளியேறி, எப்படியோ எல்லை தாண்டிவிட்டான். அவன் அந்த வீட்டுக்கு மாறியதே எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளேயிருந்து யாரோதான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அவன் நாற்காலியை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் நெருக்கிப் போட்டார்கள். சயா ஸ்டாண்டைத் தட்டி, "ஆரம்பத்திலேர்ந்து," என்றார்.

அன்றிலிருந்து ஹாலின் காற்றே மாறிப்போனது. பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறவர் வழக்கமாக என்னைத் தன் காரில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். திடீரென்று அவருக்கு வேறு வழியாகப் போக வேண்டியிருந்தது. முன்னால் இருக்கும் வயலின்காரி நான் அருகில் போனதும் போனைக் கவிழ்த்து வைத்தாள். எல்லோரும் எல்லோரிடமும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கண் என் பக்கத்து ஆள் மேலேயே இருந்தது. இவர் வந்தார், செல்லோப் பையன் போனான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு இடைவேளையிலும் அக்காவுக்கு போன் செய்வேன். மகன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாள் என்பதால் அவனிடம் நேரே பேசமாட்டாள், என்னிடம்தான் கேட்பாள். சாப்பிட்டானா, தூங்கினானா, ஜன்னல் பக்கம் போகிறானா. நான் தமிழில் எல்லாவற்றையும் உடைத்தே சொல்வேன். அந்த ஹாலில் தமிழ் தெரிந்தது நான் ஒருத்திதான் என்ற தைரியம். பக்கத்து ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்து வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸ் கச்சேரி முடிந்து ஆப்பெரா ஒத்திகை தொடங்கியது. பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கதாநாயகனாகப் பாட வந்தவர் கார் உதிரிபாக வியாபாரி. பெரிய குரல், அதைவிடப் பெரிய நம்பிக்கை. காதலியைக் கெஞ்ச வேண்டிய இடத்தில் கர்ஜித்தார். சயா நான்காம் தடவையாக நிறுத்தியபோது நான் தாளைப் பார்த்தபடி எனக்குள்ளே தமிழில் முணுமுணுத்தேன்:

"பொண்ணக் கெஞ்சுறானா, இல்ல கண்டக்டர் மாதிரி சூலே சூலேன்னு பஸ்ஸுக்கு ஆள் கூப்புடுறானா?"

பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. உடனே அவர் அதை இருமலாக மாற்றி, கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். என்னைப் பார்க்கவே இல்லை.

இந்த மனிதருக்குத் தமிழ் தெரியும். இத்தனை மாதமும், பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் பேட்டரி, இன்வெர்ட்டர் விற்கிறவர், எளிதில் பதறமாட்டார்.

"அந்தாளு எதாவது கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல. அதான் பயமா இருக்கு."

"நாளைக்குப் பையன வண்டியில வேற எடத்துக்கு மாத்திடுறேன். அக்காகிட்ட இப்ப சொல்லாத."

மறுநாள் காலை பேட்டரிகளோடு பேட்டரியாகப் பையன், என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவரின் கிடங்குக்குப் போனான். நான் இடைவேளையில் போன் செய்வதை நிறுத்தினேன். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. அவர் எப்போதும் போல வந்து, வாசித்து, பெட்டியை மூடிக்கொண்டு போனார். ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. ஹாலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவர் தனியாக இருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து தமிழிலேயே கேட்டேன்.

"ஒங்களுக்குத் தமிழ் தெரியும், இல்ல?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கேட்டா புரியும்," என்று தமிழில் சொன்னார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "பேசுனா பல்லு ஒடையுது. அம்மா தமிழ். அப்பா பர்மாக்காரரு." அதற்கு மேல் பர்மிய மொழிக்கு மாறிக்கொண்டார். மாண்டலேயில் பள்ளிக்கூட இசை ஆசிரியராக இருந்தாராம். நிலநடுக்கத்தில் வீடு போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. இங்கே தம்பி வீட்டில் தங்கியிருக்கிறார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மொதல்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் பேசுற தமிழுக்கு நீங்க சிரிப்பீங்கன்னு. அப்புறம் சொல்ல முடியாமப் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "செல்லோப் பையன் போனதுக்கு அப்புறம் நிர்வாகியம்மா என்னக் கூப்புட்டாங்க. எங்கம்மா தமிழ்னு அவங்களுக்குத் தெரியும். 'அந்தம்மா எடைவேளைக்கு எடைவேளை யார்கிட்டயோ வேற மொழியில பேசுறாங்க. என்ன பேசுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னாங்க."

"என்னையா?"

"ஒங்களத்தான். அவங்க மட்டும் இல்ல. நெறையப் பேரு ஒங்களத்தான் நெனச்சாங்க."

வராத கார், கவிழ்த்து வைத்த போன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்தன. நான் ஒருத்தரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஹாலே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறது.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"கருவாட்டு வெல. அக்காவுக்கு முட்டி வலி. அவ்வளவுதான் பேசுறாங்கன்னு சொன்னேன்."

"ஆனா நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க."

"கேட்டேன். நிர்வாகியம்மாவும் பயந்துதான் விசாரிச்சாங்க. ஆனா அவங்க யார்கிட்ட சொல்வாங்க, கேட்டவங்க வேற யார்கிட்ட சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்குக் கருவாடு போதும்."

"மொத நாளு வீட்ல யாருன்னு கேட்டீங்களே?"

"அது சும்மா. நீங்களும் திருப்பிக் கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கேக்கவே இல்ல."

நான் நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். சொன்னது எல்லாம் பொருந்தியது. நன்றாகப் பொருந்துகிற கதைமீதுதான் எனக்கு இப்போதெல்லாம் அதிக பயம். பையனைக் கிடங்கிலிருந்து திரும்பக் கொண்டுவரவில்லை.

ஆப்பெரா இரண்டு பிற்பகல்கள் நடந்தது. மேடைக்கு முன்னால் தரையில்தான் எங்களுக்கு இடம். வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கதாநாயகன் என்ன ஆனாரோ, மேடையில் ஏறியதும் குரலை அடக்கிக் கெஞ்சினார். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மூன்றாம் அங்கத்தில் தகப்பன் மகளிடம் பாடும்போது, கீழே வயோலாக்கள் மட்டும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் வில்லைத் திருப்பும்போது மற்றவர் திருப்பக் கூடாது, சத்தம் அறுந்துவிடும். நானும் அவரும் மாற்றி மாற்றித் திருப்பினோம். அறுபடவே இல்லை. அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தினால், திரைக்குப் பக்கத்திலிருந்து நிர்வாகியம்மா எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாட்டை ரசித்தாரா, எங்களைக் கண்காணித்தாரா, தெரியவில்லை. முடிந்ததும் அவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப அழகா இருந்துச்சு அமா," என்றார். நானும் கட்டிக்கொண்டேன். அவர் முதுகில் என் கை விறைப்பாகவே கிடந்தது.

தண்ணீர்த் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக அக்கா மகன் கிளம்பினான். எந்த வழியாக என்று எங்களுக்கே சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் மேசாட்டிலிருந்து போன் வந்தபோது அக்கா முதல்முறையாக அவனோடு நேரே பேசினாள். நினைத்த மாதிரி அழவில்லை, வாய் ஓயாமல் திட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வயோலாக்காரரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் வீட்டுக்காரர் அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தன் அம்மா வைப்பதைவிடப் புளிப்பு அதிகம் என்று தைரியமாகத் தமிழிலேயே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை, அவர்தான் சிரித்தார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"வீடு காலி ஆன பொறவுதான் என்னக் கூப்புட்டீங்க, இல்ல?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"ஆமா."

"நல்லது," என்றார். "நானா இருந்தாலும் அப்படித்தான்."

அவர் தெருமுனை திரும்பி பஸ் நிறுத்தத்துக்குப் போகும்வரை நானும் என் வீட்டுக்காரரும் வாசலிலேயே நின்றோம். யாருக்கும் அவர் போன் செய்யவில்லை.