பேர் வெட்டும் விநாயகமும் மூன்றாவது காபியும்

பாத்திரக்கடை வாசலில் எவர்சில்வர் தவலையை மடியில் சாய்த்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, விநாயகம் இடக்கையை மட்டும் காற்றில் நீட்டுவார். அந்தக் கையில் காபி டம்ளர் வந்து உட்கார வேண்டும். ஒரு மிடறு உள்ளே இறங்கிய பிறகுதான் வலக்கையிலிருக்கும் மிஷின் ரீங்கரிக்கும். மணமக்கள் பெயர் தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக முளைக்கும்.

செஞ்சிக் கடைத்தெரு டீ குடிக்கிற தெரு. அதில் விநாயகம் ஒருவருக்குத்தான் காபி. "டீ தாகத்துக்கு. காபி கலைக்கு" என்பார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரத்தினம்மாள் அவருக்காகவே தனியாக டிகாக்‌ஷன் போட்டு வைக்கிறாள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு சிகரெட் என்பது பல வருடத்து ஜோடிப் பொருத்தம்.

அந்த ஜோடியைப் பிரித்தவள் மனைவி ஆண்டாள். போன ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டத்தில் அவரை இழுத்துப்போய், அங்காளம்மன் எதிரில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். விநாயகம் விவரமானவர். சூடத்தின் மேல் கை வைக்குமுன், "சிகரெட்டு மட்டுந்தான் தாயே, காபி இதுல சேர்த்தி இல்ல" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் அணைத்தார்.

சத்தியத்தை மீறவில்லை. ஆனால் ஒரு வாரத்திலேயே விரல்கள் ஆட்டம் போட ஆரம்பித்தன. தூக்கம் போயிற்று. "நெஞ்சுக்குள்ள எவனோ பம்பை அடிக்கிறான்" என்று மார்பைத் தடவிக்கொண்டே கடைக்கு வந்தார். தளவானூரிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்த எழிலரசன், அண்டாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாங்க இது? பேர் வெட்டச் சொன்னா ராஜகிரிக் கோட்டைக்கு ஏர்ற படிக்கட்ட வெட்டி வெச்சிருக்கீங்க?"

கடை முதலாளி அப்பாண்டைராஜன், மேல்சித்தாமூர்ச் சமணர். யாரையும் அதட்டிப் பேசாதவர். அண்டாவைத் துணியால் துடைத்தபடி, "விழுப்புரத்துல லேசர் மிஷின் வந்திருக்குதாம். அதுக்குக் கை நடுங்காதாம்" என்று மட்டும் சொன்னார். விநாயகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்றே ஒன்று: மறுபடி சிகரெட். "ஒடம்பு கேக்குது, அங்காளம்மாவே புடிக்கச் சொல்றா" என்று வாதம்கூடத் தயாரித்துவிட்டார். ஆனாலும் சூடத்துக்குப் பயந்து, முதலில் பக்கத்து மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டுப் பார்த்தார். கல்லாவில் இருந்த ஜெயசுதா பார்மசி படித்தவள். மாத்திரையை எடுக்காமல் கேள்வியை எடுத்தாள்.

"சிகரெட்ட வுட்டது சரி, காபி எத்தினிண்ணா ஒரு நாளைக்கு?"

"எண்ணிக் குடிச்சா அது மருந்தும்மா."

"அதான் பிரச்சனையே. ஈரல் செல்லுல ஒரு ஏற்பி இருக்குது. அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பின்னு பேரு. வாட்ச்மேன்னு வெச்சிக்கோங்க. சிகரெட் பொகையில இருக்குற தாரு வந்து ஒட்டுனா, அது செல்லோட நடுவுக்கு ஓடிப்போயி, 'சரக்கு வந்திருக்குது, ஆள அனுப்பு'ன்னு ஆர்டர் போடும். வர்ற ஆளுங்கதான் என்சைம். தார உடைக்க வந்தவங்க காபியையும் சேத்து உடைச்சிடுவாங்க. இப்ப பொகை இல்ல. ஆளுங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க ஊத்துறது மட்டும் அதே காபி. உள்ள தேங்கிக் கெடக்குது."

விநாயகத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப சிகரெட்டு எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்குது!"

"அந்த ஆளுங்க உடைக்கிறப்ப தாருல பாதி இன்னும் கொடிய விஷமாயிடும்ணா. கேன்சரு அங்கதான் ஆரம்பிக்குது."

"காவலுக்கு வெச்சவன் கூப்ட்ட ஆளே திருடனுக்குக் கத்தி தீட்டிக் குடுக்குறானா? இன்னா வாட்ச்மேன்மா அவன்!" சற்று யோசித்தார். "பொகை இல்லாம அவன எழுப்ப வழியில்லியா?"

"தீயில கருக்குன கறியிலயும் அதே சாமான் இருக்குது."

"பஸ் ஸ்டாண்டாண்ட கிரில் கோழி போடுறான்..." என்று விநாயகம் திரும்ப, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாண்டைராஜன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

"கோழி வேணாம். அதும் அதே விஷந்தான். முட்டைகோஸும் அந்த ஏற்பியக் கொஞ்சம் தட்டும். ஆனா அத நம்பி ஏமாறாதீங்க. காபியக் கொறைங்க."

விநாயகத்தின் காது முட்டைகோஸோடு மூடிக்கொண்டது. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் கோஸ் பொரியல், கோஸ் கூட்டு, சாயங்காலம் பச்சைக் கோஸ். தின்ற கோஸுக்கு ஈடாகக் காபி குடிக்க உரிமை உண்டு என்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டார். "வூடே நாறுது, இதுக்கு சிகரெட்டே தேவல" என்றாள் ஆண்டாள். கை நடுக்கம் அப்படியே இருந்தது. எழிலரசன் சீர்க்குடத்துக்குப் பெயர் வெட்ட வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடமும் கோணினால் விழுப்புரத்து மிஷின் வந்து இறங்கிவிடும்.

கடைசியில் காபி காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இறங்கி வந்தார். "ஒண்ண வுடச் சொல்லி ரெண்டப் புடுங்கிக்கிட்டாங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தினம்மாளுக்கும் வருத்தம்: "இன்னா விநாயகம், சிகரெட்ட வுட்ட. இப்ப என்னையும் வுட்டுட்டியா?" மெல்ல மெல்ல உள்ளே அடித்த பம்பை நின்றது.

எழிலரசன் வந்தது மத்தியானக் காபிக்குப் பிறகு. முதலாளி தலைக்கு மேலேயே நின்றார். இடக்கை நீளவில்லை, குடத்தைப் பிடித்துக்கொண்டது. மிஷின் ஒரே மூச்சில் ஓடி நின்றது. எழிலரசன் குடத்தை வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்தின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இப்பதான் பேரு பேராட்டம் இருக்குது. அந்த அண்டாவையும் தேச்சி இவர் கையாலயே வெட்டிக் குடுங்க."

அப்பாண்டைராஜன் லேசரைப் பற்றி மூச்சு விடவில்லை. சந்தோஷத்தில் எதிர்க்கடையைப் பார்த்து, "விநாயகத்துக்கு ஒரு காபி!" என்று குரல் கொடுத்துவிட்டார். ரத்தினம்மாள் அன்றைய மூன்றாவது காபியை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள்.

மெடிக்கல் வாசலில் ஜெயசுதா இடுப்பில் கைவைத்து நின்றாள். விநாயகம் அவளைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பக்கத்திலிருந்த புது அடுக்குப் பாத்திரத்தை எடுத்து, சூடு ஆறாமலிருக்க டம்ளரின் மேல் கவிழ்த்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு பிடி முட்டைகோஸை வாயில் அடைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியும்படி மென்று தின்னத் தொடங்கினார்.