பாலத்தின்மேல் கையைத் தூக்கியவர்

நான் கண்டிக்கு வந்தது பஸ்ஸில் வேலை செய்வதற்காக அல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தொழிற்சாலையிலும், கொழும்பில் ஒரு அரிசிக் கிட்டங்கியிலும், அட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்படியிலும் இருந்துவிட்டு, எங்கேயும் ஒரு வருடம் தங்காமல், இருபத்தாறாவது வயதில் மஹய்யாவவில் தெரிந்த ஒருவரின் அறையில் பாய் விரித்தேன். முதல் வாரம் மூன்று நாள் பட்டினி. நாலாம் நாள், கட்டுகஸ்தோட்டை பஸ் ஒன்றில் கொண்டக்டர் இல்லை என்றார்கள். போய் ஏறிக்கொண்டேன்.

அப்போது ஒரே பாதையில் ஐந்தாறு முதலாளிமாரின் பஸ்கள் ஓடின. நேரம் என்று ஒன்று பேருக்கு இருந்தது. முந்திப் போகிறவனுக்குத்தான் ஆள். கொண்டக்டருடைய வேலை டிக்கெட் கிழிப்பதைவிட, சந்தியில் நின்று தொண்டை கிழியக் கத்துவதும், அடுத்த பஸ்ஸில் ஏறப் போகிறவரின் பையைப் பிடுங்கி நம் பஸ்ஸுக்குள் போடுவதும்தான். பை போன பக்கம் ஆளும் வருவார். பல நாள் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். இரண்டு பல் போனது அந்தத் தொழிலில்தான்.

என் டிரைவர் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் முழுக்க அவரை நானா என்றது, அண்ணன் என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருமுறை மஹய்யாவ இறக்கத்தில் பிரேக் அறுந்து, நிறைந்த பஸ்ஸை ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஒருவருக்கும் கீறல்கூட விழாமல் காப்பாற்றியவர். அதற்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வேறு பஸ்ஸில் ஏற மாட்டார்கள். சந்தியில் இருந்த முடி வெட்டுகிறவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நானாவின் படத்தை மாட்டியிருந்தார். அவர் கழுத்தில் கட்டுகிற சிவப்புக் கைலேஞ்சியைப் போல இளந்தாரிகளும் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். நானாவுக்கு இதெல்லாம் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு மகள். ஐந்து வயது. தாய் அவளைப் பெற்ற மூன்றாம் நாள் இறந்துபோனாள். தாயின் தங்கை குருநாகல் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து பிள்ளையைத் தரச் சொல்லிக் கேட்பாள். நானா தரவில்லை. "எனக்கு ஈக்கிறது இவ ஒருத்தி. இவளும் போனா நான் எதுக்கு வீட்டுக்குப் போற?" என்று என்னிடமே ஒருநாள் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் ஆறு பிள்ளைகள். ஒருநாள் சிறுமி தன்பாட்டில் ஆற்றுக்கு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். துணி வெளுக்கிறவர் ஒருவர் கண்டு தூக்கிவந்து கொடுத்தார். மறுநாள் காலை நானா அவளையும் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். பக்கத்து ஆசனத்தில் வைத்தால் வளைவில் விழுந்துவிடுவாள் என்று மடியில் வைத்துக்கொண்டார். தொடங்கியது இப்படித்தான்.

முதலில் அவளுக்கு ஹோன் கிடைத்தது. ரப்பர் உருண்டையை இரண்டு கையாலும் அமுக்கினால் வாத்து மாதிரிக் கத்தும். பிறகு ஸ்டியரிங்கில் கை வைத்தாள். அவள் கைக்கு மேலே நானாவின் கை இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அடுத்த நாளும் அதே பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். நான் விடுவேனா? சந்தியில் கத்தத் தொடங்கினேன்: "சின்ன டிரைவர் பஸ்! சின்ன டிரைவர் பஸ்! ஏறுங்க, ஏறுங்க!" மற்ற கொண்டக்டர்மாருக்கு அதற்கு எதிராகக் கத்த ஒன்றும் இருக்கவில்லை.

கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி தினமும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வருவார். பெரிய தொந்தி, பெரிய குரல்.

"என்ன சின்ன டிரைவரம்மா, லைசன் இருக்கா?"

"வாப்பாட்ட ஈக்கி."

"அப்ப வாப்பாவப் பின்னுக்கு வந்து ஒக்காரச் சொல்லு. லைசன் மட்டும் அங்க இருக்கட்டும்."

"வாப்பா பின்னுக்கு வந்தா ஒங்களுக்கு எடம் காணாது."

பஸ் முழுக்கச் சிரிக்கும். தொந்தியைத் தட்டிக்கொண்டு அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். ஒருநாள் தன் பேரனையும் கொண்டுவந்து, நானாவின் மடியில் அவளோடு சேர்த்து உட்காரவைத்து வேடிக்கை பார்த்தார்.

கையைத் தூக்குவது எப்போது தொடங்கியது என்று ஞாபகம் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் நேரானது. பஸ் பாதிப் பாலத்துக்கு வந்ததும் நான் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "நானா, கை!" என்பேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். ஸ்டியரிங்கைப் பிள்ளை மட்டும் பிடித்திருப்பாள். உள்ளே கை தட்டுவார்கள். நடந்துபோகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் நானாவின் முழங்கால் இரண்டும் கீழேயிருந்து ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருக்கும். அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். முன்னால் எதுவும் வராத நேரமாகப் பார்த்துத் தட்டுவது என் பொறுப்பு.

ஒருநாள் காலை வேறு முதலாளியின் பஸ் எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் கொண்டக்டர் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தான். நானும் திரும்பி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாலம் வந்தது. முன்னால் பார்க்காமலே தட்டிவிட்டேன்.

எதிரே வாழைக்குலை ஏற்றிய மாட்டுவண்டி. நானாவின் கை மேலே. மாட்டின் கொம்பு நெருங்கி வருவதைக் கண்ட பிள்ளை பயந்து, முழுப் பலத்தையும் போட்டு ஸ்டியரிங்கை இழுத்தாள். முழங்கால் வழுக்கியது. நானா கையைக் கொண்டுவருவதற்குள் பஸ் வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றது. வண்டி சரிந்தது. மாட்டுக்குக் கால் முறிந்தது. வண்டிக்காரர் குலைகளுக்கு நடுவில் கிடந்தார். அவருக்குத் தோளில் அடி. சிறுமியின் நெற்றி எங்கோ பட்டு வெடித்து, முகம் முழுக்க இரத்தம். காயம் சிறியதுதான். ஆனால் அந்த முகத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு நானா இறங்கியதைப் பாலத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மாடு போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும்.

மற்ற பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார் காரில் வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் இங்கிலீஷ் பேப்பருக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு மூன்று நாளில் அது வெளிவந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இங்கிலீஷ் படித்த கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் நின்றுகொண்டு அதை வரி வரியாகத் தமிழில் சொன்னார். காட்டு மிருகம்கூடத் தன் குட்டியை இப்படி வைத்து விளையாடாது என்று எழுதியிருந்தாளாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பஸ் ஆட்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் புடவைக் கடை முதலாளி. "பெத்த தகப்பனா அவன்? பிள்ளைய வச்சு வித்தை காட்டுறான், குரங்காட்டி மாதிரி."

அவர் எப்போது சொன்னார்? நான் கேட்கவில்லை. என்னை யாரும் திரும்பிப் பார்க்காததே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்ப ஒரு பெட்டிஷன் தயாரானது. அப்படிப்பட்டவனுக்கு இனி லைசன் கொடுக்கக் கூடாது என்று. தேநீர்க் கடை மேசையில் வைத்தே கையெழுத்து வாங்கினார்கள். முதல் பெயர் புடவைக் கடை முதலாளியுடையது. கையெழுத்துத் தெரியாத பெண்கள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். அவர்களில் பலரை நானே கை கொடுத்து பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். பொலிஸ் லைசனைப் பறித்தது. பஸ் முதலாளி நானாவை நிறுத்திவிட்டு வேறு டிரைவரைப் போட்டார். முடி வெட்டுகிறவர் படத்தைக் கழற்றிவிட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நானா கடைக்குப் போனால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அவர் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. நான் புது டிரைவரோடு ஓடிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டால் மறுபடி பட்டினி.

பிள்ளையின் சாச்சி, அதுதான் தாயின் தங்கை, புருஷனோடு வந்து இறங்கினாள். பிள்ளையைத் தர வேண்டும் என்று பள்ளிவாசலில் முறையிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு விசாரித்தார்கள். பஸ்ஸில் இருந்தவன் என்று என்னையும் கூப்பிட்டு, வெளி விறாந்தையில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பள்ளிவாசல் தலைவர் கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, நீங்க பார்த்தத மட்டும் செல்லுங்க. அவர் ரெண்டு கையையும் எடுத்தாரா?"

"எடுத்தாருங்க."

"ஒரு நாளா, பல நாளா?"

"பல நாளுங்க."

"வேற ஏதும் செல்ல ஈக்கா?"

முழங்காலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் தட்டியது யார் என்று வரும். அன்று முன்னால் பார்க்காமல் தட்டியது யார் என்றும் வரும். "இல்லைங்க" என்றேன். நானா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "புள்ளய ஒங்கள்ட்டேந்து பிரிக்க எங்களுக்கு ஆசையில்ல. ஆனா வீட்டுல பொம்பள இல்ல, தொழிலும் போய்ட்டு. நாளைக்கு ஒண்டு நடந்தா அல்லாட்ட யாரு பதில் செல்லுற? சாச்சிட்ட ஈக்கட்டும். நீங்க போய்ப் பார்த்து வாங்க."

"அவ ஆத்துல எறங்கி நிண்டப்போ ஒருத்தரும் பெட்டிஷன் எழுதல்லியே ஹாஜியார்," என்றார் நானா. குரல் உயரவில்லை. "பஸ்ஸுல வச்சதுக்குத்தான் எழுதினாங்க."

"பஸ்ஸுல வச்சதுக்கு இல்ல. கைய எடுத்ததுக்கு."

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. இரண்டு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குருநாகல் பஸ் கட்டுகஸ்தோட்டையில் நிற்கும். சிறுமிக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். நெற்றிக் காயம் காய்ந்து கறுத்திருந்தது. பஸ்ஸைக் கண்டதும் சந்தோஷமாக ஏறி, நேரே முன்னால் போனாள். அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து ஜன்னலால் கேட்டாள்.

"வாப்பா, நீங்க ஓட்டலியா?"

"இண்டைக்கு இல்ல மகள்."

"நாளைக்கா?"

நானா ஆமாம் என்று தலையாட்டினார். பஸ் போய்விட்டது.

அவர் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வந்தார். சந்தையில் மூட்டை தூக்கினார். சாச்சி நல்லவள்தான், பிள்ளை கொழுத்துவிட்டாள், குர்ஆன் ஓதப் போகிறாள் என்றார். அந்த வருடம் மழை பொய்த்தது. மகாவலியே பாறை பாறையாகக் கிடந்தது. குருநாகல் பக்கம் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்று, நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் தொடங்கியது. ஊர் ஊராகப் படுத்துவிட்டார்கள், கொயினா மருந்து கொடுக்க ஆள் இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானா பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பினார். அவர் போனபோது பிள்ளையை அடக்கம் செய்து இரண்டு நாளாகியிருந்தது. சாச்சியின் புருஷனும் காய்ச்சலில் போய்விட்டான். சாச்சி பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

செய்தி தேநீர்க் கடைக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"அடப் பாவி," என்றார் புடவைக் கடை முதலாளி. கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. "காய்ச்சல் ஊருக்கு யாராச்சும் பிள்ளைய அனுப்புவானா? கைக்குள்ள வச்சிருக்க வேணாமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கும் தகுதி எனக்கு என்ன? தேநீரைக் குடித்துமுடித்துவிட்டுப் போனேன்.

நானாவைச் சந்தைக்குப் பின்னால், இறக்கிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் கண்டேன். கழுத்தில் கைலேஞ்சி இல்லை. அவருக்கு முன்னால் நின்று, பள்ளிவாசலில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். அவருக்குத் தெரிந்ததைத்தான் அவரிடமே சொன்னேன்.

"நீ செல்லீந்தாலும் அவங்க கேட்டீக்க மாட்டாங்க," என்றார்.

ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"கைய எடுத்தது நான்தான். நீ தட்டினா நான் எடுக்கணுமா? அதுக்காக ஒன் மேல கோவம் இல்ல." சாக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். "ஆனா நீ செல்லீக்கணும்."

அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார்.

அந்த வாரமே கண்டியை விட்டேன். மாத்தளையில் கொஞ்ச நாள், பிறகு திருகோணமலை. அதற்குப் பிறகு நான் எந்த பஸ்ஸிலும் வேலை செய்யவில்லை; நானாவைப் பற்றியும் யாரிடமும் விசாரிக்கவில்லை. காய்ச்சல் கண்டிப் பக்கமும் வரத்தான் செய்தது, கட்டுகஸ்தோட்டையிலும் பிள்ளைகள் செத்தார்கள், அவள் தகப்பனோடு இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே செத்த பிள்ளைகளைவிடப் பிழைத்த பிள்ளைகள்தான் எவ்வளவோ அதிகம். அது எனக்குத் தெரியும்.