சுவருக்கு அங்கிட்டுப் போகாத சிக்னல்

வீடு வீடாக வைஃபை மாட்டுவது என் பிழைப்பு. ரவுட்டர் சொன்னபடி கேட்கும், வீட்டுக்காரர்கள்தான் கேட்கமாட்டார்கள். கூடத்தில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடந்து பார்த்தவர்கள் நீங்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

பங்காளிச் சண்டை

கம்பம் ஊரில் அண்ணன் தம்பி இருவர். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்திவிட்டவர்கள். போன மாதம் வைஃபை போட்ட அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "என் வீட்டுல மூலை முடுக்கெல்லாம் எடுக்கணும். சுவத்துக்கு அங்கிட்டு ஒரு பொட்டுகூடப் போகக் கூடாது" என்றார். சிக்னலுக்குப் பங்காளிச் சண்டை தெரியாதே என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப பாஸ்வேர்டை மாத்து. என் தம்பி மக எப்படியோ கண்டுபிடிச்சிட்டா" என்றார்.

மாற்ற உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி, கணவர் அந்தப் பக்கம் போனதும் குனிந்து சொன்னார்: "மாத்திட்டேன்னு மட்டும் சொல்லிரு தம்பி. அந்தப் புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை."

பேசுகிற கேமரா

கோம்பையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை வைஃபையை இழுத்து, ஒரு போஸ்டில் கேமராவும் மாட்டச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து அவர் போனில் பேசினால் தோட்டத்தில் குரல் கேட்கும், மயிலை விரட்டலாம்.

முதல் நாளே மயில் வந்தது. "ஏலே, போ அங்கிட்டு!" என்று அதட்டினார். மயில் போய்விட்டது. காவலுக்கு நின்ற நாய்க்குத்தான் பொறுக்கவில்லை. எசமான் குரல் இருக்கிறது, எசமானைக் காணோம். போஸ்டைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, கேபிளைக் கடித்துக் குதறிவிட்டது. நாயைக் கட்டிப்போடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "அதை ஏன்யா கட்டணும்? ஆளே இல்லாம சத்தம் மட்டும் வந்தா நானே கடிச்சிருப்பேன்."

அத்தா வந்தால்தான்

உத்தமபாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துபாயில் லீவு கிடைக்கவில்லை. கூடத்து டிவியில் அவர் முகமும், அவர் போனில் கூடமும் தெரிய ஏற்பாடு செய்து, வாசல் பந்தலுக்கும் வைஃபை எட்டும்படி வைத்திருந்தேன். அதுதான் வினை. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு போனோடு அதில் ஏறிக்கொண்டார்கள். மோதிரம் போடும் நேரத்தில் அத்தாவின் முகம், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது.

பெண் கையை நீட்டவில்லை. "அத்தா வந்தாத்தான்" என்றாள். வைஃபையை அணைக்கச் சொல்லி மைக்கில் கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் அணைக்கவில்லை. ஓடிப்போய் டிவியைத் தவிர மற்ற எல்லா இணைப்பையும் துண்டித்தேன். முகம் அசைந்தது. மோதிரம் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அத்தா, கூடத்தில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். போன நெட்டைத் தேடி அத்தனை பேரும் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெகிழ்ந்துபோய்க் கேட்டார்: "எல்லாரும் கையேந்திக் குனிஞ்சிருக்காகளே, எம் மகளுக்காக துஆ ஓதுறாகளா?"

இதற்குப் பிறகும், "டப்பாவை ஆணியில மாட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று யாராவது கேட்டால், இல்லைதான் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.