பலா மீட்டர்

பஸ் சாய்ந்தது. முன்சக்கரங்கள் வளைவைத் தாண்டிவிட்டன. பின்பக்கம்தான் தரையை விட்டு எழும்பியது. பூபதி பிரேக்கைத் தொடவில்லை. எஃப் எட்டு விசையை அழுத்தினான்.

திரையில் எல்லாம் அப்படியே நின்றது. பஸ்ஸின் தகடும் கண்ணாடியும் பெயிண்டும் மறைந்து வெறும் கம்பிக்கூடு அந்தரத்தில் தொங்கியது. தரையைத் தொடும் சக்கரங்களுக்கு அடியில் பச்சைப் புள்ளி, தொடாதவற்றுக்குச் சிவப்பு. பஸ்ஸின் மொத்தக் கனமும் எங்கே குவிகிறது என்று காட்ட மஞ்சளாக ஓர் உருண்டை. சீட்டுகளுக்குக் கீழே இருக்க வேண்டிய அந்த உருண்டை, கூரையை ஒட்டிப்போய் நின்றிருந்தது.

பூபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். ரோட்டில் குறையில்லை. பஸ்ஸில்தான்.

"டிக்கெட் இருக்குங்களா?" என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ கேட்டார்கள். வாசலூர்பட்டி படகுத்துறையில் அன்று கூட்டமில்லை. பெடல் படகா துடுப்புப் படகா என்று கேட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, மிதவைச் சட்டைகளை எடுத்து நீட்டினான். வந்தவர்கள் போனதும் மறுபடி லேப்டாப்பின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாரும் அவனுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

கொல்லிமலை ரோட்டைக் கணினி விளையாட்டுக்குள் கொண்டுவந்தவன் பூபதி. வெளிநாட்டில் யாரோ செய்த பஸ் ஓட்டும் விளையாட்டு அது. விளையாடுகிறவர்கள் தங்கள் ஊர் ரோட்டையும் பஸ்ஸையும் தாங்களே செய்து அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். மாட் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் போய் நின்று படம் பிடித்துவந்து, அதன் சுவரும் சரிவும் சரியாக வரும்வரை வைத்து இழைத்தான். ஒரு வளைவில் மட்டும் பஸ் தரைக்குள் விழுந்து மறைந்தது. ரோட்டின் எந்த இடத்தில் ஓட்டை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. கடைசியில், விளையாட்டை நிறுத்தாமலே அதன் உள்ளே இருப்பதைப் பார்க்க ஒரு கருவியைத் தானே எழுதினான். முதலில் வெறும் கோடுகள். பிறகு ஒவ்வொரு பொருளின் கனமும் பெயரும் அதனதன் தலைக்கு மேல் எழுத்தாக நின்றன. பிறகு வேகத்தைக் குறைத்துப் பார்க்க ஒரு பொத்தான். விழுவதற்கு முந்தைய நொடிக்குத் திரும்பிப் போக இன்னொன்று. அதற்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்து, மாட் செய்கிறவர்களின் குழுவில் இலவசமாகப் போட்டான். இறக்கிக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரமேஷ்குமார் செய்தது ஒரு பஸ்.

ரமேஷ்குமார் பூபதியின் தாய்மாமன் மகன். செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அந்த பஸ்ஸில் டிரைவர் முன்னால் எலுமிச்சம்பழம் ஆடியது. மலை பஸ்ஸின் ஹாரனையே பதிவுசெய்து வைத்திருந்தான். பின்கண்ணாடியில் ஒட்டிய சாமி படத்தின் ஓரம் கிழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரையில் பலாப்பழங்கள். பருவ காலத்தில் வளப்பூர் நாட்டுப் பக்கமிருந்து இறங்கும் பஸ்ஸின் தலையில் எப்படி அடுக்குவார்களோ அப்படி. யாருடைய பழம் யாருடையது என்று இறக்கும்போது தகராறு வராமலிருக்க வீட்டுக்கு வீடு சுண்ணாம்பில் ஓர் அடையாளம் போடுவார்கள். ஒரு வீட்டுக்குக் கோடு, ஒரு வீட்டுக்குப் புள்ளி. அதைக்கூட ரமேஷ்குமார் விடவில்லை.

போகிற இடமெல்லாம் பூபதியின் காதில் அந்த ஹாரன் விழுந்தது. டீக்கடையில் ஒருவன் போனில் அடித்தது. நிஜ பஸ்ஸின் கண்டக்டர்கூடத் தன் போனை நீட்டி, "உங்க மச்சான் செஞ்சதாமே, அச்சு அசல் நம்ம வண்டிங்க" என்றார். அந்த பஸ் போகும் ரோட்டைச் செய்தவன் எதிரே டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டி நின்றான். ரோட்டை யாரும் பார்ப்பதில்லை. அது சரியாக இருக்கிறவரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

தெரியவும் வந்தது. பஸ் வளைவுகளில் கவிழ்கிறது என்று புகார் கிளம்பியதும் ரமேஷ்குமார் தன் யூடியூப் சேனலில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரோட்டுல ஏதோ சின்னப் பிரச்சனைங்க. நம்ம மாப்ள பூபதிதான் ரோடு செஞ்சாப்ல. பார்த்துச் சரி பண்ணிருவாப்ல, கவலப்படாதீங்க." அந்த மாப்ளவும் அந்தச் சின்னப் பிரச்சனையும் பூபதிக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தன. ரோட்டில் பிரச்சனை இல்லை என்பது ஊரறியத் தெரிய வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனபோது சுமித்ரா குச்சிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்த்து வைத்த போனில் ரமேஷ்குமாரின் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதப் பாருங்க. ரமேசண்ணன் பஸ்ஸு நம்மூரு ஸ்டாப்பிங்ல நிக்குது."

"நிக்கும். ஸ்டாப்பிங் வெச்சது நானு."

"நீங்க கம்பந்தான நட்டீங்க. நிறுத்துறது அவருல்ல."

பூபதி லேப்டாப்பைத் திறந்து எஃப் எட்டை அழுத்திக் காட்டினான். சுமித்ரா கத்தியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அய்ய, பஸ்ஸ உரிச்சுப் போட்டுட்டீங்க. எவ்ளோ அழகா இருந்துச்சு."

"அந்த மஞ்ச உருண்டையப் பாரு. மேல நிக்குதுல்ல? அதனாலதான் கவுருது. தப்பு ரோட்டுல இல்ல. அவன் பஸ்ஸுல."

"அப்ப அண்ணங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்க. தெனம் அந்தக் கடையத் தாண்டித்தான வாரீங்க."

"சொல்றேன்."

"மூஞ்சியப் பாத்தாச் சொல்றவராட்டத் தெரியல" என்று சுமித்ரா மறுபடி கத்தியை எடுத்தாள்.

மறுநாள் ரமேஷ்குமாரே படகுத்துறைக்கு வந்தான். காகிதத்தில் சுற்றிய சூடான போண்டாவை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தான்.

"என்ன மாப்ளே, ரோட்டப் பாத்தியா? கமென்ட்ல கொன்னெடுக்கறானுங்க."

"பாக்கறேன்."

"நீ பாத்தாச் சரியாப் போயிரும். உனக்குத்தான் அந்தப் பொறும. எனக்கெல்லாம் ஆவாதுப்பா."

பூபதி ஒரு போண்டாவைப் பிய்த்தான். "ஏ மச்சா, ஒரு பழம் எத்தன கிலோ போட்ட?"

"கிலோவா?" ரமேஷ்குமார் சிரித்தான். "பலாப்பழத்த எந்தக் காலத்துல நாம நிறுத்திருக்கோம்? எண்ணித்தான விக்கறது. ரெண்டாளு புடிச்சுத் தூக்கற பழம்னு, ஆளுக்கொரு மூட்டக் கனம் வெச்சு ரெண்டு மூட்டக் கனம் போட்டேன். ஏன்?"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரெண்டு மூட்டையைப் பத்தில் ஒன்றாகக் குறை மச்சா, பஸ் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ரமேஷ்குமார் இன்று மாலையே மாற்றிவிடுவான். பஸ் கவிழாது. எல்லோரும் ரோடு சரியாகிவிட்டது என்பார்கள். பூபதி சரிசெய்துகொடுத்தான் என்பார்கள். அப்படியானால் முன்பு ரோடு கெட்டுத்தான் இருந்தது என்று ஆகிவிடும்.

"சும்மா கேட்டேன்" என்றான் பூபதி.

அன்றிலிருந்து எக்ஸ்ரேயில் ஒரு புது வேலை செய்தான். கூரைக்கு மேல் அளவுக்கு மீறிக் கனம் இருந்தால் திரையின் மூலையில் சிவப்பில் எழுத்து வரும்: பிழை, கூரைச் சுமை. அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தான். பஸ்ஸைச் செய்தவர் யார் என்பது பஸ்ஸின் கோப்பிலேயே இருக்கும். அதை எடுத்துப் பெரிய எழுத்தில் போடச் செய்தான்: ரமேஷ்குமார், செம்மேடு. தப்புக்குப் பக்கத்தில் பெயர் நிற்க வேண்டும். அந்த வரியின் நிறத்தைத்தான் அவன் அதிக நேரம் பார்த்துப் பார்த்து மாற்றினான்.

பிறகு கவிழும் பஸ்ஸைக் கம்பிக்கூடாக்கி, மெதுவாக ஓடவிட்டு, ஒரு வீடியோ எடுத்தான். வீடியோவில் பேச வராததால் எழுத்தாகப் போட்டான். கடைசி வரி, 'சாலையில் பிழை இல்லை.' எக்ஸ்ரே கிடைக்கும் பக்கத்தின் விலாசத்தையும் கொடுத்தான். அந்தப் பக்கத்தில்தான் அவன் பெயர் இருந்தது. சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் அதைக் குழுவில் போட்டுவிட்டு பஸ் ஏறினான்.

முதல் பதில் வந்தபோது படகுத்துறையில் ஒரு கல்லூரிக் கூட்டம் வரிசையில் நின்றிருந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒரு கண்ணால் படித்தான்.

'அய்யோ, பழத்துக்கெல்லாம் பேரு இருக்குடா!'

கம்பிக்கூட்டின் தலைமேல் எக்ஸ்ரே எழுதிக் காட்டிய பெயர்கள். ஒரு பழத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய ரமேஷ்குமார் கோப்புக்குள் வைத்திருந்தவை. கண்ணாயி பலா. அண்ணாமலை பலா. குப்புசாமி மேல்காட்டுப் பலா. பூபதி அவற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். கனத்தைப் பார்க்கிற அவசரத்தில் படித்ததில்லை.

'எங்க அப்புச்சி பேர்ல ஒண்ணு இருக்கு' என்று ஒருவன் தன் தாத்தா பேரைக் கண்டு எழுதினான். 'எங்க அம்மாயி மரத்துப் பழம் ரெண்டு மூட்டக் கனமாம்' என்று இன்னொருவன். மதியத்துக்குள், எக்ஸ்ரேயைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் உருண்டையைப் பார்த்துப் பார்த்து, ஒரு பழமும் உருளாமல் மலையடிவாரக் காரவள்ளிவரை யார் இறக்குகிறார்கள் என்று போட்டி கிளம்பிவிட்டது. வளைவுக்கு வளைவு கவிழ்ந்து சிரித்தார்கள். மறுபடி மேலே வந்து ஆரம்பித்தார்கள். யாரோ எக்ஸ்ரேக்குப் பலா மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

சாலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பூபதி மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடிப் பார்த்தான்.

சாயங்காலம் ரமேஷ்குமாரின் போன் வந்தது.

"மாப்ளே! கலக்கிட்ட போ. அன்னிக்கு கிலோ கேட்டப்பவே எனக்கு ஒரு சந்தேகந்தான். ஒரு வார்த்த சொல்லாம இப்படிப் பண்ணிட்டியே, கள்ளா!"

"அது தப்பக் காட்டறதுக்குச் செஞ்சது மச்சா."

"அதேதான்! தப்பு தெரியுதுல்ல, அதான் வெளையாட்டே. பழத்துல ஒரு கிலோகூடக் கொறைக்கப் போறதில்ல நானு. எம்பேர வேற செவப்புல எம்மாம் பெருசாப் போட்டிருக்க!"

"ரோட்டுல ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுவியா?"

"ரோடா? அத யாரு மாப்ளே கேக்கறா இப்ப?"

அவன் குரலில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் பூபதி திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பான். திட்டவும் வழியில்லாமல், "சரி மச்சா" என்றான்.

படகுகளைக் கட்டிப் பூட்டிய பிறகும் பஸ் வர நேரமிருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்து போனில் தன் பக்கத்தைத் திறந்தான். எக்ஸ்ரே. செய்தவர்: பூபதி, வளப்பூர் நாடு. கீழே இதுவரை அவன் பார்த்திராத கூட்டம். எல்லோரும் ரமேஷ் பஸ்ஸுக்காக வந்தவர்கள். என் பொருள் இல்லாமல் எப்படி ஆடுகிறீர்கள் பார்க்கிறேன் என்று தோன்றியது. நீக்கு என்பதை அழுத்தினான். உறுதியாகவா என்று கேட்டது. ஆம்.

பஸ் செம்மேட்டுக்கு வருவதற்குள் வேறொருவன் அதைத் திரும்ப ஏற்றிவிட்டான். ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்தது. 'ரமேஷ்குமாரின் பலா மீட்டர்' என்று தலைப்புப் போட்டிருந்தான். திரையின் மூலையில் அந்தப் பெயர்தானே நிற்கிறது.

வீட்டில் சுமித்ராவே பேச்சை எடுத்தாள். "ஏனுங்க, இது நீங்க உரிச்சுக் காட்டுனதுதான? ரமேசண்ணன் செஞ்சதுங்கறாங்க. உள்ள உங்க பேரு போடலீங்களா?"

"பக்கத்துல போட்டிருந்தேன்."

"எந்தப் பக்கத்துல?"

"இப்ப இல்ல."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். பிறகு சோற்றைப் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறையில் காலையிலிருந்தே கூட்டம். ஒரு மிதவைச் சட்டையின் வார் அறுந்திருந்தது. பூபதி அதைத் தனியே எடுத்து வைத்தான். பதினோரு மணி வாக்கில் ஸ்டீபன் வந்தார். திருச்சிக்காரர், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், மலைக்கு மாற்றலாகி வந்தவர். கையில் தன் லேப்டாப் இருந்தது. ரமேஷ் மீட்டர் தன்னுடையதில் வரவில்லை, உனக்கு இதெல்லாம் தெரியுமாமே, கொஞ்சம் பார்த்துச் சொல் என்றார். எஃப் எட்டை அந்த லேப்டாப்பில் வேறொரு மென்பொருள் பிடித்துவைத்திருந்தது. தான் எழுதியது என்று சொல்லாமல், பூபதி அதை எஃப் ஒன்பதுக்கு மாற்றிக் கொடுத்தான். பஸ் கம்பிக்கூடானது. ஸ்டீபன் இரண்டு வளைவு ஓட்டி மூன்றாவதில் கவிழ்த்தார். நன்றி சொல்லிவிட்டு, குடும்பத்துக்குப் பெடல் போட் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏரியில் இருந்தவர்களைக் கரைக்கு வரச் சொல்லி பூபதி விசில் ஊதினான். கடைசிப் படகு வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் சங்கிலியில் கட்டினார்கள்.